சவலைப் பிள்ளையும் சங்குப் பாலும்

தமிழ் யாப்பு நூல்கள் வெண்பாவின் வகைகளைச் சொல்லும்போது சவலை வெண்பா என ஒன்றைக் குறிப்பிடுகின்றன. நான்கு சீர் பெற்று வரவேண்டிய இரண்டாம் அடி, தனிச்சொல் இன்றி மூன்று சீராய்க் குறைந்து நிற்பது அது. அதற்கு அப்பெயரை இட்டவர் வீடுகளை நன்கு அறிந்தவராக இருந்திருக்க வேண்டும். ஒரு பிள்ளை மடியில் இருக்கும்போதே தாய் மீண்டும் கருவுறுகிறாள். பால் வற்றுகிறது. அடுத்த பிள்ளை பிறந்ததும் மடி அதற்கு உரியதாகிவிடுகிறது. இறக்கிவிடப்பட்ட மூத்தது மெலிந்து, சிணுங்கி, எதிலும் பற்றின்றி ஒரு மூலையில் அமர்ந்துவிடுகிறது. அதைத்தான் நம் முன்னோர் சவலைப் பிள்ளை என்றனர். செய்யுளில் ஒரு சீர் குறைந்தால் இலக்கணம் அதற்கும் ஓர் இடம் கொடுத்து ஏற்றுக்கொள்கிறது. குழந்தையின் உடல் அவ்வாறு ஏற்றுக்கொள்வதில்லை.

இதே பொருளைத் தரும் இன்னொரு சொல் ஆப்பிரிக்காவின் மேற்குக் கரையில் வழங்கிவந்தது. அன்று கோல்டு கோஸ்ட் என்றும் இன்று கானா என்றும் அழைக்கப்படும் நாட்டில், ஜமைக்காவில் பிறந்த சிசிலி வில்லியம்ஸ் என்ற ஆங்கிலேய மருத்துவர் பணியாற்றினார். ஓரிரு வயதுக் குழந்தைகள் காலும் முகமும் வீங்கி, தோல் உரிந்து, முடி நிறம் மாறி மடிவதை அவர் கண்டார். 1933-இல் அதைப் பற்றி எழுதினார். 1935-இல் லான்செட் மருத்துவ இதழில், உள்ளூர்க் 'கா' மொழியில் அந்நோய்க்கு வழங்கிய பெயரையே ஆங்கில மருத்துவத்துக்குள் கொண்டுவந்தார்: குவாஷியார்கர். அடுத்த பிள்ளை பிறந்ததால் இடம் இழந்த பிள்ளைக்கு வரும் நோய் என்பது அதன் கருத்து. இலண்டனில் இருந்த அறிஞர்கள் சிலர் இது புதிய நோயன்று, முன்பே அறிந்த பெல்லாக்ராதான் என வாதிட்டனர். ஆயினும் காலப்போக்கில் அந்தச் சொல்லே நிலைத்தது. நோயின் காரணத்தை அக்ராவின் தாய்மாரும் நம் ஊர்த் தாய்மாரும் பெயரிலேயே பொதிந்து வைத்திருந்தனர். மருத்துவம் பின்னால் வந்து அதைக் கேட்டுத் தெரிந்துகொண்டது.

காரணம் தெரிந்த நோய்க்கு மருந்தும் எளிதாக இருக்கும் என்றே நாம் எண்ணுவோம். பசித்த பிள்ளைக்குச் சோறு கொடுத்தால் தீர்ந்தது என்று தோன்றும். அது அவ்வளவு எளிதன்று என்பதைக் கற்க மருத்துவமனைகளுக்கு இருநூறு ஆண்டுகள் பிடித்தன. அந்த வரலாற்றின் சில பக்கங்கள் நம் தமிழ் மண்ணில் எழுதப்பட்டவை. அவற்றைப் புரட்டிப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

மலையடிவாரத்திலிருந்து பார்க்கையில்

திருத்தணி எல்லையில் வாழும் ஊர். முன்னாளில் கார்வேட்டிநகர் ஜமீனைச் சேர்ந்து வட ஆர்க்காடு மாவட்டத்தில் இருந்தது. 1911-இல் சித்தூர் மாவட்டம் உருவானபோது அதனோடு போயிற்று. 1953-இல் ஆந்திர மாநிலம் பிறந்தபோது ஆந்திரத்தில் இருந்தது. ம.பொ.சி. தலைமையில் நடந்த வடக்கெல்லைப் போராட்டத்தின் பயனாக 1960 ஏப்ரல் முதல் நாளன்று தமிழ்நாட்டோடு இணைந்தது. இங்கே ஒரே தெருவில் தமிழும் தெலுங்கும் கேட்கும். கஞ்சியைத் தெலுங்கிலும் ஏறக்குறைய அப்பெயராலேயே அழைக்கிறார்கள். பிள்ளைக்கு உடம்பு சரியில்லையென்றால் அரசு மருத்துவமனைக்குப் போகிறார்கள். அங்கே தீராவிட்டால் அரக்கோணம் வழியாகச் சென்னைக்கோ, வேலூருக்கோ, வடக்கே திருப்பதிக்கோ பயணப்படுகிறார்கள்.

இவ்வட்டாரத்தில் விசைத்தறி உண்டு, கரும்பு உண்டு, செங்கல் சூளை உண்டு. சூளைக்கும் கரும்பு வெட்டுக்கும் போகும் பெற்றோரின் பிள்ளைகளை மூத்த பிள்ளைகளே இடுப்பில் சுமந்து பார்த்துக்கொள்கிறார்கள். இருளர் குடியிருப்புகளிலும் இதே காட்சிதான். இத்தகைய வீட்டுப் பிள்ளை மெலியும்போது, 'தோஷம் தட்டிவிட்டது' என்று மந்திரிக்கத் தூக்கிச் செல்வது இன்னும் முழுதும் மறைந்துவிடவில்லை. அதைக் கண்டு நகைப்பது எளிது. ஆனால் அந்தத் தாய் பிள்ளையிடம் ஏதோ தவறியிருக்கிறது என்பதைக் கண்டுகொண்டாள் என்பதையும், அதற்காக ஒரு நாள் கூலியை இழந்து நடந்தாள் என்பதையும் நாம் மறந்துவிடலாகாது.

திருத்தணிக்கு அருகில் உள்ளது திருவாலங்காடு. காரைக்கால் அம்மையார் தலையால் நடந்து வந்து சேர்ந்ததாகப் போற்றப்படும் தலம். எலும்பும் நரம்பும் தெரிய, வயிறு ஒட்டி, கன்னம் குழிந்து அமர்ந்திருக்கும் அம்மையாரின் செப்புத் திருமேனிகள் உலகின் பெரும் அருங்காட்சியகங்களிலும் உள்ளன. வற்றிய உடலை இவ்வளவு துல்லியமாக வார்த்த கலைஞர்கள் அத்தகைய உடல்களைப் பஞ்ச காலங்களில் பார்த்திருப்பார்கள் என்றே தோன்றுகிறது. ஆனால் ஒரு வேறுபாடு இருக்கிறது. அம்மையார் தசையை வேண்டாமென்று உதறியதாகச் சொல்கிறது மரபு. நோன்பு இருக்கும் எவரும் ஒரு வகையில் அதைச் செய்கிறார். குழந்தையோ எதையும் உதறவில்லை. அதற்குரியது அதன் கைக்கு வந்து சேரவில்லை, அவ்வளவே.

இப்படி எலும்பும் தோலுமாய் வற்றுவதை மருத்துவர்கள் மராஸ்மஸ் என்பர். வீங்கிக் காட்டுவது குவாஷியார்கர். இரண்டாவது வகை கண்ணை ஏமாற்றும். கன்னம் உப்பி, கால் பருத்துத் தோன்றும் பிள்ளையைக் கண்டு, 'சதை போட்டிருக்கிறான்' என்று பாட்டி மகிழ்வாள். பாதத்தின் மேல் கட்டைவிரலால் சில நொடி அழுத்தி எடுத்தால் குழி விழும். அந்தக் குழி இரண்டு பாதத்திலும் விழுந்தால் அப்பிள்ளை இடம்பெற வேண்டியது மருத்துவமனைப் படுக்கையில்.

கஞ்சித் தொட்டி ஆஸ்பத்திரி

வடசென்னையில் ஸ்டான்லி மருத்துவமனையை முதியவர்கள் நெடுங்காலம் 'கஞ்சித் தொட்டி ஆஸ்பத்திரி' என்றே அழைத்துவந்தனர். அப்பெயருக்குப் பின்னால் ஒரு பஞ்சம் இருக்கிறது. ஹைதர் அலியின் படையெடுப்பை ஒட்டி நேர்ந்த பஞ்சத்தில், 1782-இல், நகருக்குள் வந்து குவிந்த ஏழைகளுக்குக் கஞ்சி வார்க்க அங்கே ஏற்பாடு செய்யப்பட்டது. அதுவே மணியக்காரர் சத்திரம் எனப் பெயர் பெற்றது. 1799-இல் ஜான் அண்டர்வுட் என்ற மருத்துவர் அப்பகுதியில் ஏழை மக்களுக்கு ஒரு மருத்துவமனையைத் தொடங்கினார். பின்னர் சத்திரமும் மருத்துவமனையும் ஒன்றாயின. 1938-இல் அது ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியாக வளர்ந்தது. தமிழகத்தின் பெரிய மருத்துவமனைகளுள் ஒன்று, மருந்துக் கடையிலிருந்து பிறக்காமல் கஞ்சிப் பானையிலிருந்து பிறந்தது என்பது நினைவில் வைக்கத்தக்க செய்தி.

1876 முதல் 1878 வரை நீடித்த தாது வருடப் பஞ்சம் சென்னை மாகாணத்தில் பல லட்சம் உயிர்களைக் கொண்டுபோனது. நிவாரண வேலை செய்யும் ஆளுக்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு தானியமும் சிறிது காசும் போதும் என்று 1877-இல் ரிச்சர்ட் டெம்பிள் விதித்தார். உழைக்கும் உடலுக்கு அது பட்டினிதான் என்று மாகாணச் சுகாதார ஆணையர் கார்னிஷ் கணக்கோடு எதிர்த்தார். உணவின் அளவைப் பற்றி அரசும் மருத்துவமும் நம் மண்ணில் மோதிக்கொண்ட முதற்பெரும் வழக்கு அது.

அப்பஞ்சத்தின்போது நிவாரண முகாம்களில் இன்னொன்றும் புலப்பட்டது. உணவு கிடைத்த பின்னரும் பலர் வயிற்றுப்போக்கில் மாண்டனர். போர்ட்டர் என்ற மருத்துவர் இறந்தோர் உடல்களை நூற்றுக்கணக்கில் ஆய்ந்து, 'சென்னைப் பஞ்சத்தின் நோய்கள்' என்ற பொருளில் ஒரு நூலை 1889-இல் வெளியிட்டார். நீண்ட பட்டினியில் தசை மட்டும் வற்றுவதில்லை. இதயம் சிறுக்கிறது, குடலின் சுவர் மெலிகிறது. அத்தகைய குடலுக்குள் கொட்டப்படும் உணவு உடலோடு சேர்வதில்லை. கஞ்சித் தொட்டி பல உயிர்களைக் காத்தது. ஆனால் கடைசி நிலைக்கு வந்தவரை அதனால் மட்டும் காக்க முடியவில்லை. காரணம் அப்போது விளங்கவில்லை.

1945-இல் ஜெர்மனியின் பெல்சன் வதைமுகாம் விடுவிக்கப்பட்டபோது அதே கேள்வி மீண்டும் எழுந்தது. செரித்த புரதத்தை ஊசி வழியாகச் செலுத்தினால் பிழைப்பார்கள் என்று நம்பி அங்கே சென்ற ஜேனட் வான் என்ற மருத்துவர், வாய்வழி சிறுகச் சிறுகப் புகட்டிய பாலே மேல் என்று கண்டார். நவீனக் கருவியை விடத் தாதியின் கையிலிருந்த கரண்டி பயன்பட்டது.

குன்னூர் முதல் ஐதராபாத் வரை

இந்தியாவில் ஊட்டச்சத்து ஆய்வு பிறந்தது நீலகிரியில். 1918-இல் குன்னூர் பாஸ்டர் நிலையத்தில் ராபர்ட் மெக்காரிசன் தொடங்கிய சிறு ஆய்வு, ஊட்டச்சத்து ஆய்வகமாக விரிந்தது. 1958-இல் அது ஐதராபாத்துக்கு இடம் மாறி, இன்று தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாக விளங்குகிறது. சேலத்தில் 1918-இல் பிறந்து, சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்ற சி. கோபாலன் குன்னூரில் சேர்ந்து, பின் ஐதராபாத்தில் 1960 முதல் 1974 வரை அந்நிறுவனத்தின் இயக்குநராக இருந்தார். 2019-இல் தம் நூறாம் வயதில் சென்னையில் மறைந்தார். அதே காலத்தில் சென்னையில் குழந்தை மருத்துவத்தைத் தனித்துறையாக வளர்த்த எஸ்.டி. ஆச்சார், சென்னைக் குழந்தைகளின் ஊட்டக் குறைவைப் பற்றி 1950-இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் எழுதினார். ஆப்பிரிக்காவில் பேசப்பட்ட நோய் நம் வார்டுகளிலும் உண்டு என்பது அக்காலத்தில்தான் உலகுக்குத் தெரிந்தது.

அன்று உலகம் முழுவதும் 'புரதம், புரதம்' என்ற முழக்கம் எழுந்தது. பால் பவுடரும் மீன் மாவும் ஏழை நாடுகளைக் காக்கும் என்று நம்பினர். பால் குறைந்த நம் நாட்டில் என்ன செய்வது? குன்னூர் ஆய்வாளர்கள் பருப்பு வகைப் புரதத்தாலும் குவாஷியார்கர் குழந்தைகளைத் தேற்ற முடியும் என்பதை 1956-இல் வெளியிட்டனர். பிறகு கோபாலன் இன்னும் ஆழமான ஒன்றைச் சொன்னார். ஒரே ஊரில் ஏறக்குறைய ஒரே உணவை உண்ணும் பிள்ளைகளுள் ஒன்று வற்றுகிறது, ஒன்று வீங்குகிறது. எனவே புரதக் குறைவு ஒன்றே காரணம் என்று கொள்ள இயலாது. நம் பிள்ளைகள் உண்ணும் சோறும் பருப்பும் வயிறு நிறையக் கிடைத்தாலே பெரும்பாலும் புரதமும் போதிய அளவு சேர்ந்துவிடும். முதற்குறை, உணவே போதாமை. ஐதராபாத்தைச் சுற்றிய சிற்றூர்களில் குழந்தைகளுக்கு நாளும் ஏறக்குறைய 310 கலோரியும் 3 கிராம் புரதமுமே கூடுதலாகக் கொடுத்து, அவர்கள் வளர்ச்சி தேறியதை 1973-இல் அந்நிறுவனத்தார் பதிவு செய்தனர்.

இந்நிறுவனத்தின் பெயரால் வழங்கும் ஐதராபாத் கலவை எந்த வீட்டிலும் செய்யத்தக்கது. வறுத்த கோதுமை 40 கிராம், வறுத்த கடலை 16 கிராம், வேர்க்கடலை 10 கிராம், வெல்லம் 20 கிராம். இதில் ஏறக்குறைய 330 கலோரியும் 11 கிராம் புரதமும் உண்டு. நம் பாட்டிமார் பொடித்துக் கொடுத்த சத்துமாவுக்கு இது நெருங்கிய உறவு.

ஆயினும் இந்தக் கலவை தேறிவரும் பிள்ளைக்கு உரியது. சாவின் விளிம்பில் வந்து சேரும் பிள்ளைக்கு முதல் நாளில் இதைக் கொடுத்தால் என்ன ஆகும் என்பதே மருத்துவமனையின் தனிக் கேள்வி.

முதல் வாரம்

நெடுநாள் பட்டினி கிடந்த உடல், வருவாய் குறைந்த குடும்பம் செலவைச் சுருக்குவது போலத் தன் வேலைகளைச் சுருக்கிக்கொள்கிறது. இதயம் மெல்ல அடிக்கிறது. சிறுநீரகம் உப்பை வெளியேற்றத் தடுமாறுகிறது. உயிரணுக்களில் பொட்டாசியம் குறைந்து சோடியம் மிகுகிறது. காய்ச்சல் உண்டாக்கும் வலுவும் இல்லாததால், உள்ளே கடும் தொற்று இருந்தும் உடல் சுடுவதில்லை, குளிர்கிறது. இந்த உடலுக்குள் திடீரென நிறைய உணவையோ நீரையோ செலுத்தினால், பழுதான பாலத்தில் பாரவண்டியை ஏற்றுவது போலாகும்.

ஜமைக்காவில் ஜான் வாட்டர்லோ தொடங்கிய ஆய்வுக் கூடத்தில் பல ஆண்டுகள் நடந்த உழைப்பே இந்த உண்மையை விளக்கியது. அதன் அடிப்படையில் உலக சுகாதார நிறுவனம் 1999-இல் மருத்துவர்களுக்கான கையேட்டை வெளியிட்டது. அதற்கு மூன்றாண்டுகளுக்கு முன், 1996-இல், ஸ்கோஃபீல்டு, ஆஷ்வொர்த் என்ற இரு ஆய்வாளர்கள் உலகின் மருத்துவமனைக் கணக்குகளைத் திரட்டி எழுதியது நெஞ்சை உறுத்துவது. கடும் ஊட்டக் குறைவோடு சேர்க்கப்பட்ட குழந்தைகளில் நூற்றுக்கு இருபது முதல் முப்பது பேர் ஐம்பது ஆண்டுகளாக இறந்துகொண்டே இருந்தனர். புதிய மருந்துகள் வந்தும் அந்த எண் இறங்கவில்லை. முறையற்ற சிகிச்சையே அதற்குப் பெருங்காரணம் என்று அவர்கள் கண்டனர். வீக்கத்தைக் கண்டு நீர் இறக்கும் மருந்து கொடுத்தனர். வயிற்றுப்போக்கைக் கண்டு நரம்பில் பாட்டில் ஏற்றினர். சோகையைக் கண்டு முதல் நாளே இரும்புச்சத்து கொடுத்தனர். மெலிவைக் கண்டு புரதத்தை வாரி வழங்கினர். ஒவ்வொன்றும் இரக்கத்தால் செய்யப்பட்டது. ஒவ்வொன்றும் அந்த உடலுக்குத் தாங்க முடியாததாயிற்று.

இன்றைய முறை இதற்கு நேர்மாறானது. வந்தவுடன் பத்து விழுக்காடு சர்க்கரைக் கரைசல் 50 மில்லி வாயில் புகட்டப்படுகிறது. பிள்ளையைத் தாயின் மார்போடு தோல் படச் சேர்த்துப் போர்த்துகிறார்கள். காய்ச்சல் இல்லாவிட்டாலும் தொற்று உண்டு எனக் கொண்டு நுண்ணுயிர்க்கொல்லி தருகிறார்கள். அதிர்ச்சி நிலையில் அன்றி நரம்பில் நீர் ஏற்றுவதில்லை. இரும்புச்சத்தை நிறுத்தி வைக்கிறார்கள். முதல் நாட்களில் அது பிள்ளைக்கு உதவாமல் கிருமிக்கு உதவும். உணவாக வருவது எஃப்-75 எனப்படும் பால். நூறு மில்லியில் 75 கலோரி, புரதம் ஒரு கிராமுக்கும் குறைவு. பால், சர்க்கரை, எண்ணெய் இவற்றோடு அரிசிப் பொரியைப் பொடித்துச் சேர்த்து இதற்கு ஈடான ஒன்றை மருத்துவமனைச் சமையலறையிலேயே செய்யும் முறையை இந்தியக் குழந்தை மருத்துவர்கள் வகுத்திருக்கிறார்கள்.

அளவு இங்கே உயிர்நிலை. வீக்கம் கடுமையாக இல்லாத பிள்ளைக்கு நாளொன்றுக்குக் கிலோவுக்கு 130 மில்லி. ஆறு கிலோ எடையுள்ள பிள்ளைக்கு இரண்டு மணிக்கொரு முறை 65 மில்லி. அது ஒரு சிறு தம்ளரில் பாதி. பகலில் மட்டுமன்று, நள்ளிரவிலும், விடியுமுன் நான்கு மணிக்கும் அது போக வேண்டும். உணவின்றிக் கழியும் இரவில்தான் இரத்தத்தில் சர்க்கரை இறங்கி, உடல் குளிர்ந்து, பல பிள்ளைகள் ஓசையின்றி இறந்தன. ஆகவே இந்த நோயில் தலைசிறந்த கருவி எதுவென்று கேட்டால், இரவுப் பணியில் விழித்திருக்கும் ஒரு செவிலியின் கை என்று சொல்லலாம். அந்தக் கை இல்லாத வார்டில் எத்தனை கையேடுகள் இருந்தும் பயனில்லை.

புட்டி கூடாது. கிண்ணமும் கரண்டியும், அல்லது நம் வீடுகளில் பச்சிளங்குழந்தைக்குப் பால் புகட்டும் சங்கு போதும். பாலாடை என்று நாம் அழைக்கும் அந்தச் சிறு மூக்குக் கிண்ணத்தை இந்தியா எங்கும் குழந்தை வார்டுகளில் அப்பெயராலேயே வழங்குகிறார்கள். சங்கில் ஒரு நேரத்தில் கொஞ்சமே கொள்ளும். அவசரப்பட்டு ஊற்றினால் பிள்ளைக்குப் புரையேறும். தொட்டி நிறையக் கஞ்சி வைத்திருந்த காலத்துக்குத் தெரியாத பாடத்தைச் சங்கு தன் வடிவத்திலேயே வைத்திருந்தது. திருவள்ளுவரும் 'மருந்து' என்று தலைப்பிட்ட அதிகாரத்தின் பெரும்பகுதியை உண்ணும் அளவைப் பற்றிப் பேசவே செலவிட்டார்.

மதுரைத் தாய்மார்

சில நாட்களில் வீக்கம் வடிகிறது, பிள்ளைக்குப் பசி திரும்புகிறது. பட்டினியின் கடைசி நிலையில் பசியே இருப்பதில்லை. எனவே பிள்ளை கிண்ணத்துக்குக் கை நீட்டும் நாள் வார்டில் எல்லாரும் எதிர்பார்க்கும் நாள். அதன்பின் உணவு மெல்ல மெல்ல ஏற்றப்படுகிறது. நூறு மில்லியில் 100 கலோரி தரும் எஃப்-100, பிறகு வீட்டு உணவு. இப்போது பிள்ளை கிலோவுக்கு நாளும் பத்து கிராமுக்கு மேல் எடை கூட வேண்டும். இரும்புச்சத்தும் இப்போதுதான் தொடங்கும்.

உணவோடு இன்னொன்றும் இந்நிலையில் சேர்கிறது. ஜமைக்காவில் சாலி கிரந்தம்-மக்ரெகர், மருத்துவமனையில் இருந்த ஊட்டக் குறைவுக் குழந்தைகளோடு நாள்தோறும் விளையாடவும் பேசவும் ஏற்பாடு செய்து, அப்பிள்ளைகளின் அறிவு வளர்ச்சி பின்னாளிலும் மேம்பட்டதைக் காட்டினார். எனவே பொம்மையும் தாலாட்டும் இன்று சிகிச்சைப் பட்டியலில் இடம்பெற்றுள்ளன. மூலையில் ஒதுங்கிய சவலைப் பிள்ளை மடியை இழந்தபோது பாலை மட்டும் இழக்கவில்லை என்பதை இது ஒத்துக்கொள்கிறது.

இதற்கு அழகான தமிழகச் சான்று மதுரையில் உண்டு. வைட்டமின் ஏ குறைந்து கண்மணி உருகிப் பார்வை இழக்கும் பிள்ளைகள் அரசு எர்ஸ்கின் மருத்துவமனைக்கு வந்தவண்ணம் இருந்தனர். இன்று அது அரசு இராஜாஜி மருத்துவமனை. பின்னாளில் அரவிந்த் கண் மருத்துவமனையை நிறுவிய கோ. வெங்கடசாமி அப்போது அங்கே கண் மருத்துவராக இருந்தார். கண்ணுக்கு மருந்திட்டு அனுப்பினால் பிள்ளை அதே பசிக்குத் திரும்பி, மறுகண்ணையோ உயிரையோ இழக்கும் என்பதை அவர் கண்டார். 1970-களின் தொடக்கத்தில் ஆக்ஸ்ஃபோர்டின் அன்டோனெட் பிரீ என்ற அறிவியலாளரும் துணைநிற்க, தாயும் பிள்ளையும் சேர்ந்து தங்கும் ஊட்ட மறுவாழ்வு மையம் ஒன்று அங்கே எழுந்தது. அப்பகுதியில் மலிவாகக் கிடைக்கும் தானியத்தையும் பருப்பையும் கீரையையும் கொண்டே பிள்ளைகள் தேற்றப்பட்டனர். தன் ஊர்ச் சந்தையில் வாங்கக்கூடிய பொருளால் தன் பிள்ளை தேறுவதைத் தாய் கண்ணால் பார்த்தாள். இந்த அனுபவம் 1976-இல் லான்செட் இதழில் வெளிவந்தது. ஒசே மரியா பெங்கோவா என்ற மருத்துவர் 1950-களில் முன்வைத்த கருத்து, மதுரையில் தமிழ்ச் சமையலாக உருப்பெற்றது.

யாயீரின் மகள் உயிர்பெற்று எழுந்தபோது, கூடியிருந்தவர்கள் வியப்பில் நின்றனர். அந்தச் சிறுமிக்கு உண்ணக் கொடுக்க வேண்டும் என்று நினைவூட்டியவர் இயேசு. வியப்பு அடங்கிய பின் செய்ய வேண்டிய வேலை அது. அதை மதுரை மையம் தன் அன்றாடப் பணியாக ஏற்றுக்கொண்டது.

வீடு திரும்பிய பின்

தமிழகம் இத்துறையில் வெறுங்கையோடு நிற்கவில்லை. 1975-இல் நாட்டில் அங்கன்வாடித் திட்டம் வந்தது. 1980-இல் தொடங்கிய தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம், ஆறு மாதம் முதல் மூன்று வயது வரையுள்ள பிள்ளைகளை மாதந்தோறும் எடைபோட்டு, எடை ஏறத் தவறிய பிள்ளைக்கு மட்டும் குறிப்பிட்ட காலம் சத்துருண்டை தந்து, தேறியதும் நிறுத்தியது. 1982 ஜூலை முதல் நாளன்று எம்.ஜி.ஆரின் சத்துணவுத் திட்டம் தொடங்கியது. 2022-இல் 'ஊட்டச்சத்தை உறுதி செய்' என்ற திட்டத்தின்கீழ் மாநிலமெங்கும் ஆறு வயதுக்குட்பட்ட பிள்ளைகள் அளந்து பார்க்கப்பட்டனர். பயன் தெரியாமல் இல்லை. தேசியக் குடும்பநல ஆய்வின்படி, ஐந்து வயதுக்குட்பட்டோரில் மிகக் கடுமையாக மெலிந்தவர்கள் 2015-16-இல் தமிழகத்தில் 7.9 விழுக்காடு, 2019-21-இல் 5.5 விழுக்காடு. அப்போது இந்திய அளவு 7.7.

ஐந்தரை விழுக்காடு என்பது ஏறக்குறைய பதினெட்டுப் பிள்ளைகளில் ஒன்று. இவர்கள் எல்லாரும் மருத்துவமனைக்கு வரவேண்டியவர்கள் அல்லர். பசியோடு உண்ணும், வேறு நோயில்லாத பிள்ளையை வீட்டில் வைத்தே தேற்றலாம் என்று உலக சுகாதார நிறுவனமும் யுனிசெஃப்பும் பிற அமைப்புகளும் 2007-இல் கூட்டாக அறிவித்தன. வீக்கமோ தொற்றோ பசியின்மையோ உள்ள பிள்ளைக்கே படுக்கை தேவை. கடுமையாக மெலிந்த பிள்ளையைக் கண்டறிய ஒரு நாடா போதும். ஆறு மாதம் கடந்த பிள்ளையின் மேற்கை நடுவில் சுற்றளவு பதினொன்றரை சென்டிமீட்டருக்குக் குறைந்தால் அபாயம். அந்த நாடாவைப் பிடித்து வீடு வீடாகப் போகும் அங்கன்வாடிப் பணியாளரே உண்மையில் மருத்துவமனையின் முதல் வாசல்.

எல்லை ஊர்களில் கடினம் இதற்குப் பின் வருகிறது. மருத்துவமனை இரண்டு மூன்று வாரத்தில் பிள்ளையைத் தேற்றி அனுப்புகிறது. குடும்பமோ சூளையின் பருவத்துக்கேற்ப இடம் மாறுகிறது. இம்மாநிலப் பதிவேட்டில் பெயர் இருக்கும்போது பிள்ளை அம்மாநிலத்தில் இருக்கிறது. திருத்தணியின் எல்லையை வரைய ஒரு போராட்டமும் ஒரு சட்டமும் தேவைப்பட்டன. பசிக்கு அந்த எல்லை தெரியாது; பதிவேட்டுக்கு மட்டும் தெரிகிறது. மறுபரிசோதனைக்கு வராத பிள்ளையைத் தேடிப் போகும் ஏற்பாடு இல்லாவிட்டால், இரவெல்லாம் விழித்த செவிலியின் உழைப்பு வீணாகிறது. பிள்ளை மீண்டும் வற்றுகிறது. மறுமுறை அதைத் தூக்கிவரும் தாயை, 'ஏன் கவனிக்கவில்லை' என்று அதட்டுவது வழக்கம். அடுத்த பிரசவத்துக்கும் அதற்கடுத்ததற்கும் இடையே அவளுக்கு இடைவெளி கிடைத்ததா, கருவுற்ற காலத்தில் அவள் உண்டாளா, கூலி இழக்காமல் மருத்துவமனையில் தங்க அவளால் இயலுமா என்று யாரும் கேட்பதில்லை. சவலை என்ற சொல் குழந்தையை மட்டும் குறிப்பதன்று. இரண்டு பிள்ளைகளுக்கும் போதாமல் வற்றிய ஒரு தாயும் அச்சொல்லுக்குள் இருக்கிறாள்.

திருத்தணி மலைக்கு 365 படிகள். ஆண்டின் நாள் ஒவ்வொன்றுக்கும் ஒரு படி என்று எண்ணிப் பக்தர்கள் ஏறுகிறார்கள். கடுமையாக மெலிந்த பிள்ளை தேறுவதும் அவ்வகையினதே. முதல் வாரத்தின் பன்னிரண்டு வேளைச் சங்குப் பால் அடிப்படிகள். மருத்துவமனை ஏற்றிவிடுவது அவ்வளவுதான். மீதிப் படிகள் ஊரில் இருக்கின்றன: கைக்குழந்தையோடு வேலைக்குப் போகும் இடத்தில் ஒரு தொட்டில், பெயர் எந்த மாநிலத்தில் இருந்தாலும் எடைபோட மறுக்காத ஓர் அங்கன்வாடி, தாய்க்குத் தனியே எடுத்து வைக்கப்படும் ஒரு கவளம். இவற்றில் எதற்கும் பெரும் பணம் வேண்டியதில்லை. நம் வீட்டுக்கு அடுத்த தெருவில் மூலையில் அமர்ந்திருக்கும் பிள்ளையின் பாதத்தைக் குனிந்து அழுத்திப் பார்ப்பதற்கு மருத்துவப் பட்டமும் வேண்டியதில்லை.